புனித யோசேவாஸ் அடிகளார்: புத்தளக் கரையிலிருந்து கண்டி வரை

மாணவர்களே, புத்தளத்தை அடுத்த பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் உங்களிற் சிலர் பயணம் செய்திருப்பீர்கள். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் ஆவணித் திருநாளுக்குப் பெற்றோருடன் போனவர்களும் இருக்கலாம். போகாதவர்கள் இலங்கைப் படத்தை எடுத்துப் பாருங்கள். மேற்குக் கரையில் வடக்கு நோக்கி ஒரு விரலைப் போல நீண்டு கிடக்கும் மணற்றரைதான் கற்பிட்டிக் குடாநாடு. அதன் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. விரலின் நுனியில் கற்பிட்டிக் கோட்டை, களப்பின் உட்கரையில் புத்தளம் நகரம்.

இந்தப் படம் மனதில் இருந்தால் இப்பாடம் இலகுவாகும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கற்பிட்டி ஒல்லாந்தரின் கையில் இருந்தது. அங்குள்ள கோட்டையை அவர்கள் 1667 முதல் 1676 வரையான காலத்தில் கட்டினர். களப்பு வழியாகப் புத்தளத்துக்கு வரும் வள்ளங்களைக் கண்காணிப்பதே அவர்களது நோக்கம். புத்தளமோ கண்டி இராச்சியத்துக்கு உரியது. மலைநாட்டு மக்களுக்கு வேண்டிய உப்பும் கருவாடும் இங்கிருந்துதான் பொதிமாடுகளில் ஏற்றப்பட்டு ஏழு கோறளைக் காடுகளூடாக மேலே போயின. அந்தத் துறையில் 1690இல் ஒரு குரு வந்து ஒதுங்கினார். அவரிடம் தங்குவதற்கு ஒரு வீடும் இல்லை, ஆலயமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவரை ஒல்லாந்தர் தேடிக்கொண்டிருந்தனர். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் யோசேவாஸ் அடிகளார்.

இவரைப் பற்றிய வினாவுக்கு விடை எழுதும் மாணவர்கள், கண்டியில் மழை பெய்வித்த அற்புதத்தை விரிவாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதுண்டு. அது போதாது. கைவிடப்பட்டவர்களுக்காக அவர் செய்த பணியை அறியாமல் அவரை அறிய முடியாது. ஆகையால் இங்கு அப்பகுதியையே கூடுதலாக நோக்குவோம்.

நாட்டின் நிலை

போர்த்துக்கேயர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஒல்லாந்தர் கல்வீனிய சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமார் எல்லோரையும் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றினர். குருமாருக்கு வீட்டில் இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்றும் கட்டளையிட்டனர். ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கோவில்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. திருமணப் பதிவு, முதுசொம் உரிமை, அரசாங்க உத்தியோகம் ஆகியவற்றுக்கு அச்சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. இதனால் பலர் வெளியில் சீர்திருத்த சபையாராகவும் வீட்டுக்குள்ளே கத்தோலிக்கராகவும் வாழ்ந்தனர்.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. சமயத்தின் பேரால் துன்புறுத்தும் வழக்கத்தை இக்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர் மட்டும் அல்லர். சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரம் ஆலயத்தை 1578இல் இடித்தவர்கள் கத்தோலிக்கரான போர்த்துக்கேயரே. பிற்காலத்தில் யோசேவாஸ் அடிகளார் கண்டியில் சந்தேகத்துடன் நோக்கப்பட்டமைக்குப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற இந்தப் பெயரும் ஒரு காரணம் எனலாம்.

இவ்வாறு சுமார் 30 ஆண்டுகள் கத்தோலிக்கர் குரு இல்லாமல் இருந்தனர். முதியவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே இறந்தனர். திருப்பலியைக் காணாத ஒரு தலைமுறை வளர்ந்து திருமணமும் செய்துவிட்டது.

கோவாவில் ஒரு குரு

யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். அது அவருடைய தாயின் ஊர். தந்தை கிறிஸ்தோவாம் வாஸ், தாய் மரியா த மிராண்டா. ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். கொங்கணி பேசும் பிராமண வகுப்பிலிருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பம் அது. கோவாவில் கல்வி கற்று 1676இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலக் கோவாவில் ஐரோப்பியத் துறவற சபைகள் உள்நாட்டவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. உள்நாட்டவர் குருவாகலாம், ஆனால் துறவியாக முடியாது. எனவே உள்நாட்டுக் குருமார் சிலர் தாமே ஒன்றுகூடி வாழத் தொடங்கினர். 1685இல் யோசேவாஸ் அவர்களுடன் சேர்ந்து அக்குழுவுக்குத் தலைவரானார். உரோமையில் புனித பிலிப் நேரி நிறுவிய ஒறற்றோரியன் சபையின் ஒழுங்குகளை அவர்கள் பின்பற்றினர். பின்னாளில் இலங்கைக்கு வந்து பணியாற்றிய குருமார் இந்தக் கோவா சபையிலிருந்தே வந்தனர். அதாவது, இலங்கைத் திருச்சபையை அழிவிலிருந்து மீட்டவர்கள் ஆசியக் குருமார். ஐரோப்பிய அரசு எதுவும் அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை. பரீட்சைக்கு இது முக்கியமான கருத்து.

இதற்கு முன்பே 1681 முதல் 1684 வரை கன்னடக் கரையில் அவர் பணியாற்றியிருந்தார். அந்நாட்களிலேயே இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை பற்றிய செய்தி அவரது மனதை வருத்திக்கொண்டிருந்தது. தலைவர் பதவியில் நீண்ட காலம் இருக்க அவர் விரும்பவில்லை. 1686இல் யோவான் என்ற பணியாளுடன் கோவாவை விட்டுப் புறப்பட்டார்.

யாழ்ப்பாணத்தில் கிடைத்த கஞ்சி

குரு உடையில் வந்தால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே அவர் கூலியாளைப் போல அரையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். இரந்துண்ணும் ஏழையாகத் தூத்துக்குடியை அடைந்து, 1687இல் அங்கிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். கடற்பயணம் கடுமையானது. புயலும் பசியும் அவரது உடலைக் கெடுத்திருந்தன. யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் வயிற்றுளைவு நோய் பிடித்தது.

இந்தப் பகுதியைச் சற்று நின்று படியுங்கள். ஊர் பேர் தெரியாத இரு பிச்சைக்காரர், அவர்களில் ஒருவருக்கு ஒட்டுநோய் என்று அஞ்சப்படும் வருத்தம். அவர்களை ஊருக்குள் வைத்திருக்க மக்கள் அஞ்சினர். ஊருக்கு வெளியே, ஆளில்லாத இடத்தில் அவர்கள் கிடக்க நேர்ந்தது. யோவானும் நோயில் விழுந்தார். ஒரு பெண் மட்டும் இரக்கம் கொண்டு நாளாந்தம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர் கொடுத்தது ஒரு குருவுக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. பத்து ஆண்டுகளின் பின் கண்டிக் காட்டில் நடந்ததைப் படிக்கும்போது இந்தக் கஞ்சியை நினைவில் வைத்திருங்கள்.

உடல் தேறியதும் அவர் வீடு வீடாக இரக்கத் தொடங்கினார். கழுத்தில் ஒரு செபமாலை. அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனிப்பார். இவ்விதமாகவே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். பின்னர் சில்லாலைக்குச் சென்று அதைத் தமது நிலையமாகக் கொண்டார். சின்ன உரோமாபுரி என்று அழைக்கப்படும் அவ்வூர் மக்கள் விசுவாசத்தில் உறுதியானவர்கள். பகலில் ஒளிந்திருப்பார். இரவில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்து, ஞானஸ்நானம் வழங்கி, விடியுமுன் திரும்புவார். இக்காலத்தில் தமிழையும் நன்கு கற்றுக்கொண்டார்.

ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டியது. ஒரு நத்தார் இரவில், மக்கள் கூடியிருந்த வேளையில், போர்வீரர்கள் வந்து சூழ்ந்துகொண்டனர். அடிகளார் தப்பினார். பிடிபட்ட மக்களோ அடியும் சிறையும் அனுபவித்தனர். தம்மை ஏற்றுக்கொண்டவர்கள் தம் பொருட்டு அடி வாங்குவதைப் பொறுக்க முடியாமலும், ஒல்லாந்த எல்லைக்குள் மேலும் இருக்க முடியாமலும் அவர் தெற்கே நடந்தார்.

புத்தளம்

1690இல் அவர் புத்தளம் வந்தார். ஒல்லாந்தரின் கட்டளை இங்கே செல்லாது. கண்டி மன்னர்கள் பௌத்தர்கள். எனினும் பிற சமயத்தவர் தமது நாட்டில் வாழ்வதை அவர்கள் பொதுவாகத் தடுக்கவில்லை. கரையோரத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் வர்த்தகருக்கும் கத்தோலிக்கருக்கும் அவர்களது நாட்டில் இடம் கிடைத்தது. புத்தளம் துறையில் தமிழ் பேசும் மீனவரும் முஸ்லிம் வணிகரும் சிங்களக் குடியானவரும் ஒன்றாகப் புழங்கினர். அங்கிருந்த கத்தோலிக்கர் பல ஆண்டுகளாகக் குருவைக் கண்டவர்கள் அல்லர்.

இங்குதான் அடிகளார் இலங்கைக்கு வந்தபின் முதன்முறையாகப் பகல் வெளிச்சத்தில் ஓரளவு அச்சமின்றிப் பணியாற்றினார். ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் இக்கரையில் தங்கிப் பிரிந்து கிடந்த குடும்பங்களைத் தேடினார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார், நோயாளரைச் சந்தித்தார். கற்பிட்டிக் கோட்டையோ களப்பின் மறு முனையில்தான் இருந்தது. அந்த எல்லையைக் கடந்தால் அவர் மீண்டும் தேடப்படுபவர்.

சரியாக 300 ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மிகப் பலர் வந்து ஒதுங்கியதும் இதே புத்தளக் கரையில்தான். மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டியில் இறங்கினர். கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய அவர்களது வாழ்க்கையை இம்மாவட்ட மாணவர்களாகிய நீங்கள் உங்கள் பெற்றோரிடம் கேட்டறியலாம். பாடத்துக்கு வெளியே உள்ள செய்திதான். ஆனாலும் இடமிழந்து வருபவன் நிலை எத்தகையது என்பதை இந்த மாவட்டத்தாருக்கு நூலில் எழுதிக் காட்டத் தேவையில்லை.

கண்டிச் சிறை

இராச்சியம் முழுவதும் பணியாற்ற வேண்டுமானால் மன்னனின் அனுமதி வேண்டும். அப்போது ஆட்சி செய்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன் (1687–1707). 1692இல் அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். அவருக்கு முன்பே ஒரு பழிச்சொல் அரண்மனையை எட்டியிருந்தது. அதைச் சொன்னவர் லனெரோல் என்ற பிரான்சிய கல்வீனியர். 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரான்சியக் கப்பற்படையின் தூதுவராகக் கண்டிக்குச் சென்று அங்கேயே தடுத்து வைக்கப்பட்டவர் இவர். வருபவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று இவர் மன்னனுக்குச் சொல்லிவைத்தார். அடிகளாரும் உடன் சென்ற இரு கத்தோலிக்கரும் சிறைப்படுத்தப்பட்டனர்.

கண்டியில் அந்நியரைத் தடுத்து வைப்பது புதுமை அன்று. ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு 1679இல்தான் தப்பிச் சென்றார் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தப்பி ஓடாதவரை காவலர் கைதிகளை அதிகம் நெருக்குவதில்லை. அடிகளார் தப்ப முயலவில்லை. சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். ஓலையும் தடியும் கொண்டு ஒரு சிறு குடிலை ஆலயமாக அமைத்தார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் அங்கே வரத் தொடங்கினர். ஒற்றர் என்று பிடிக்கப்பட்டவர் எந்நேரமும் செபிப்பதையும் நோயாளரைக் கவனிப்பதையும் பார்த்த மன்னனுக்கு ஐயம் படிப்படியாகக் குறைந்தது.

பின்னர் நாட்டில் கொடிய வரட்சி ஏற்பட்டது. மழை வேண்டிச் செய்யப்பட்ட வேறு வேண்டுதல்கள் பலிக்காதபோது மன்னன் அடிகளாரிடம் சொல்லியனுப்பினான் என்றும், அவர் வெளியிலே பீடம் ஒன்றை அமைத்துச் சிலுவையின் முன் முழந்தாளிட்டு மன்றாடியதும் மழை கொட்டியது என்றும், அவரும் பீடமும் நனையவில்லை என்றும் திருச்சபை மரபு கூறுகிறது. இதன் பின்பு இராச்சியமெங்கும் சென்று போதிக்க மன்னன் அனுமதி கொடுத்தான். வினாவுக்கு இதை ஐந்தாறு வரிகளில் எழுதினால் போதும்.

1697: பெரியம்மை

கண்டியில் சில ஆண்டுகள் தனித்துப் பணியாற்றிய அடிகளாருக்குக் கோவாவிலிருந்து உதவிக்குக் குருமார் வந்தனர். அவர்களுள் ஒருவர் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளார். கொச்சி ஆயர் யோசேவாஸ் அடிகளாரை இலங்கையின் குருமுதல்வராக நியமித்த செய்தியும் வந்தது. ஆலய ஒழுங்குகளை அவர் அமைத்துக்கொண்டிருந்த வேளையில், 1697இல், கண்டி நகரில் பெரியம்மை தோன்றியது.

நீங்கள் பெரியம்மையைக் கண்டவர்கள் அல்லர். உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் இந்நோய் உலகிலிருந்து ஒழிந்தது என அறிவித்தது. உங்களுக்குத் தெரிந்த கொப்புளிப்பான், சின்னமுத்து என்பன வேறு நோய்கள். பெரியம்மை ஒருவர் மூச்சிலிருந்து மற்றவருக்குத் தொற்றும். தொற்றி ஏறத்தாழ 12 நாள் வரை ஒன்றும் தெரியாது. பின்பு கடுங்காய்ச்சல், முதுகு வலி. அதன்பின் முகம், கை, கால் எங்கும் சீழ்க் கொப்புளங்கள். வாயிலும் தொண்டையிலும் புண் வருவதால் விழுங்க முடியாது. நோயுற்றவர்களில் பத்துப் பேருக்கு மூவர் இறப்பர். தப்பியவருக்கு முகம் நிறையத் தழும்பு, சிலருக்குக் கண் போய்விடும். ஜென்னர் தடுப்பூசியைக் கண்டுபிடித்தது 1796இல். இலங்கைக்கு அது வந்தது 1802இல். ஆகவே 1697இல் கண்டியில் இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை.

மக்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நோயாளியை விட்டு விலகுதல். ஒரு வீட்டில் அம்மை கண்டால் அந்த நோயாளியைக் காட்டுக்குக் கொண்டுபோய், பக்கத்தில் கொஞ்சம் உணவும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். சில வேளை குடும்பத்தார் நோயாளியை வீட்டுக்குள் விட்டுத் தாம் ஓடிவிடுவார்கள். மன்னனும் அரண்மனையாரும் நகரை விட்டு நீங்கினர். வசதி உள்ளவர்கள் அவர்களைப் பின்பற்றினர். தெருக்களிலே அடக்கம் செய்ய ஆளின்றிப் பிணங்கள் கிடந்தன.

இதைப் படித்துவிட்டுக் கண்டி மக்கள் இரக்கமற்றவர் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் வேறு எந்த நாட்டு மக்களையும் விடக் கொடியவர்கள் அல்லர். ஐரோப்பாவிலும் கொள்ளை நோய்க் காலங்களில் நோயாளியோடு வீட்டைப் பூட்டி முத்திரையிட்டதுண்டு. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக் காட்டில் வைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளையாவது காப்பாற்றலாம் என்று திரும்பி நடக்கும் தகப்பனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? பயம் அன்பைவிடப் பெரிதாக இருந்தது.

அடிகளாரும் மருமகனும் ஓடவில்லை. நாளுக்கு நாள் காட்டுக்குள் சென்று, கைவிடப்பட்டவர்கள் கிடக்கும் இடங்களைத் தேடினர். மழையிலும் பனியிலும் கிடந்தவர்களுக்கு ஓலைக் குடிசை கட்டினர். தமது ஆலயத்துக்கு அண்மையில் ஆட்கள் விட்டுச்சென்ற வீடுகளையும் நோயாளர் தங்குமிடமாக்கினர். கண்டியில் அடிகளார் நடத்திய வைத்தியசாலை என்று நூல்களில் நீங்கள் காண்பது இவற்றைத்தான். கட்டிலும் மருந்துப் போத்தலும் உள்ள கட்டடம் என்று கற்பனை செய்ய வேண்டாம். மேலே ஒரு கூரை, கீழே ஒரு பாய், வேளைக்குக் கஞ்சி, கழுவத் தண்ணீர், அருகே ஒரு மனிதன். அவ்வளவுதான் இருந்தது.

மருந்து இல்லாதபோது இவற்றால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. பெரியம்மை வந்த எல்லோரும் நோயால் மாத்திரம் இறப்பதில்லை. தண்ணீர் கொடுப்பாரின்றி நா வரண்டும், எழுந்து சமைக்க முடியாமல் பட்டினியாலும், புண்களில் அழுக்குச் சேர்ந்தும் இறந்தவர்கள் உண்டு. விழுங்கக்கூடிய பதத்தில் கஞ்சியைச் சிறிது சிறிதாகப் பருக்கி, புண்ணைக் கழுவித் துடைத்து, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் சிலராவது தப்புவர். தாதியர் பயிற்சி என்று ஒன்று உலகில் தோன்றாத காலத்தில் அடிகளார் செய்தது இதுவே.

அவர் யாருக்குச் செய்தார் என்பதையும் கவனியுங்கள். நோயாளரில் பெரும்பாலோர் பௌத்தர்கள். சமயம் கேட்டு அவர் குடிசையில் இடம் கொடுக்கவில்லை. செல்வரென்றும் அடிமையென்றும் பார்க்கவில்லை. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், அக்காலச் சமூகம் தீண்டவும் கூசும் வேலைகளைத் தமது கையால் செய்தார். இறந்தவர்களை உறவினர் தூக்க மறுத்தபோது அவரும் கர்வாலோ அடிகளாருமே குழி தோண்டி அடக்கினர். உடல்கள் விரைவில் அடக்கப்பட்டதும் நோயாளர் ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டதும் நகரில் நோய் பரவுவதைக் குறைத்திருக்கவும் கூடும். அக்காலத்தில் அதை யாரும் அப்படி எண்ணியிருக்கமாட்டார்கள்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பைப் பற்றிய பகுதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்குத் தங்குமிடம், நோயாளியைச் சந்தித்தல் என்று ஆண்டவர் எண்ணிக்காட்டும் செயல்களை இங்கே பொருத்திப் பாருங்கள். திருச்சபை இவற்றோடு இறந்தோரை அடக்கம் செய்வதையும் சேர்த்து உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று கற்பிக்கிறது. கண்டிக் காட்டில் ஒரே நாளில் இவற்றிற் பெரும்பாலானவை நடந்தன. சமூகப் பணி பற்றிய வினாவில் இவ்வதிகாரத்தைக் குறிப்பிட்டு, 1697இல் நடந்ததை உதாரணமாகக் காட்டினால் விடை நிறைவுபெறும்.

நோய் தணிந்து மன்னன் திரும்பியபோது இவை அனைத்தையும் கேள்வியுற்றான். இந்தக் குருமார் இல்லாவிட்டால் நகரின் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று அவன் உணர்ந்து பேசியதாக அடிகளாரின் வரலாறு கூறுகிறது. அரண்மனையில் அவருக்கு எதிராகப் பேசியோர் அதன்பின்பும் இருந்தனர். கர்வாலோ அடிகளார் ஒருமுறை கண்டியை விட்டு வெளியேற்றப்பட்டார், பின் 1699இல் யோசேவாஸ் அடிகளாருடன் திரும்பி வந்தார். ஆனால் ஒற்றர் என்ற பழைய பழி மீண்டும் எடுபடவில்லை. மழை ஒரு நாளில் பெய்து ஓய்ந்தது. நோயாளர் பணி பல மாதங்கள் நீடித்தது, அதைக் கண்ணாற் கண்டவர்கள் ஊரெங்கும் இருந்தனர். மன்னன் மனதிலும் மக்கள் மனதிலும் அடிகளாருக்கு நிலையான இடத்தைத் தந்தது இரண்டாவதே என்பது இந்நூலாசிரியரின் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருப்பின் காரணம் காட்டி எழுதுங்கள். புள்ளி குறையாது.

பிந்திய ஆண்டுகள்

அதன்பின் அடிகளார் நாடெங்கும் நடந்தார். நடந்தார் என்றே எழுதுகிறோம். பல்லக்கு ஏற அவர் இணங்குவதில்லை. ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்ட கொழும்புக்குள்ளும் மாறுவேடத்தில் சென்று வந்தார். ஆயர் நிலைக்கு உயர்த்த முயன்றபோது ஏற்க மறுத்தார். 1705இல் கோவாவிலிருந்து மேலும் குருமார் வரவே, நாட்டை எட்டு மறைப்பணித் தளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு குருவிடம் ஒப்படைத்தார்.

1705இல் வந்தவர்களுள் யாக்கோமே கொன்சல்வெஸ் அடிகளாரை நீங்கள் இலக்கியப் பாடத்திலும் சந்திப்பீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதியவர் அவர். தவக்காலத்தில் நம் ஊர்களில் வாசிக்கப்பட்டுவரும் வியாகுலப் பிரசங்கம் அவர் இயற்றியதே. மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே நூல்கள் வேண்டும் என்று அவரை இப்பணியில் ஈடுபடுத்தியவர் யோசேவாஸ் அடிகளார்.

நெடும்பயணங்களும் உண்ணாநோன்பும் உடலைத் தளர்த்தின. கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் கண்டியிலேயே தங்கினார். 1711ஆம் ஆண்டு தை 16ஆம் திகதி அங்கே காலமானார். அப்போது அவருக்கு வயது 59. இலங்கைக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோவாவுக்கு அவர் ஒருபோதும் திரும்பிப் போகவில்லை. அவருடைய வரலாற்றை அதே சபையைச் சேர்ந்த செபஸ்தியாம் தொ ரேகோ அடிகளார் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். அது 1745இல் லிஸ்பனில் அச்சாகியது.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995ஆம் ஆண்டு தை 21ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் இவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் இவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். வழமையாக இதற்கு இரண்டாவது அற்புதம் ஒன்று நிரூபிக்கப்பட வேண்டும். பாப்பரசர் பிரான்சிஸ் அதைக் கேட்காமலே அனுமதி அளித்தார். இலங்கைத் திருச்சபையின் முதலாவது புனிதர் இவரே. ஆண்டுகளை மாற்றி எழுதாதீர்கள்: 1995 முத்திப்பேறு, 2015 புனிதர் நிலை.

அடிகளார் கண்டியில் தாம் கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1740களில் கண்டி அரசின் போக்கு மாறிக் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஆலயமும் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. கொன்சல்வெஸ் அடிகளார் 1742இல் இறந்தது போலவத்தையில். அவ்வூர் புத்தளம் மாவட்டத்தின் தென் எல்லையில், தங்கொட்டுவைக்கு அருகே உள்ளது. பாடசாலைச் சுற்றுலாவில் அவ்வழியாகச் செல்வோர் அவருடைய நினைவிடத்தில் இறங்கிப் பார்க்கலாம்.